தனுஷ்கோடி ரயில் நிலையம்
1914 – 1964

சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டில் போக முடிந்த காலத்தில், இந்தியக் கரையின் கடைசி ஊர் இது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை பாம்பனிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறி நீண்ட கடல்வழியைக் கடந்தனர். இங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 35 கி.மீ. மட்டுமே.

‘போட் மெயில்’ ரயில் பயணிகள் துறைமேடையில் இறங்கி, ‘இர்வின்’, ‘கோஷன்’ ஆகிய நீராவிக் கப்பல்களில் ஏறினர். அக்கரையில் கொழும்பு கோட்டைக்குச் செல்லும் ரயில் காத்திருக்கும். வணிகர்கள், யாத்திரிகர்களுடன், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்த இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் இவ்வழியே சென்றனர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் கரையைத் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கிய வேளையில் பேரலையில் சிக்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டு, ராமேசுவரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் மீண்டும் போடப்படவில்லை. இலங்கைக் கப்பல் பின்னர் ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது.

இங்கே காண்பவை: நிலையக் கட்டடத்தின் எஞ்சிய சுவர்கள், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் தூண்கள்.

சுவர்கள் உப்புக்காற்றில் அரித்து நலிந்தவை. ஏற வேண்டாம், கற்களை எடுக்க வேண்டாம்.