மாட்டுக்கு வலி ஊசி: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டுக்கொட்டகையில் கறவை மாடு வளர்ப்போர், மடிநோய் கண்டு மடி வீங்கியதும் முதலில் தேடுவது 'வலி ஊசி'. தவறில்லை. வீக்கத்தின்போது உடலில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இம்மருந்து குறைக்கிறது. காய்ச்சல் தணிந்து மாடு தீவனம் எடுக்கும். ஆனால் மடிநோய்க் கிருமியை இது கொல்லாது. வீக்கம் வடிந்ததே என்று கிருமி எதிர்ப்பு மருந்தைப் பாதியில் நிறுத்தினால் காம்பு போய்விடும்.

எந்த மருந்து என்பதே முக்கியம். டைக்ளோபினாக் கால்நடைகளுக்கு 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அம்மருந்து பெற்ற மாடு இறந்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்தது. தமிழ்நாட்டில் எஞ்சியவை பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் உள்ளன. நம் பகுதியில் கழுகு ஏது என்று கேட்கலாம். விற்ற மாடு எந்த ஊரில் சாகும் என்று யார் அறிவார்?

தடைக்குப் பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டனர். அதனால் 2015-ல் டைக்ளோபினாக் ஊசிக் குப்பி 3 மி.லி. அளவாகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவை 2023-லும், நிமிசுலைடு 2024 இறுதியிலும் கால்நடைகளுக்குத் தடையாயின. பழைய சீட்டைக் காட்டி இவற்றைக் கேட்கவேண்டாம்.

மெலாக்சிகாம், டோல்பினாமிக் அமிலம் ஆகிய இரண்டும் கழுகுக்குத் தீங்கற்றவை எனச் சோதனையில் தெரிந்தவை. மெலாக்சிகாம் கிலோ எடைக்கு 0.5 மி.கி.; 300 கிலோ மாட்டுக்கு 150 மி.கி. ஒரு மி.லி.யில் 5 மி.கி. உள்ள மருந்தாயின் 30 மி.லி. ஆகும். மருந்தின் வீரியம் குப்பிக்குக் குப்பி மாறுமாதலால் அளவை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். கழிச்சலால் நீர் வற்றிய மாட்டுக்கும், டெக்சாமெதசோன் போட்ட மாட்டுக்கும் வலி ஊசி ஆகாது. சிறுநீரகமும் குடலும் பழுதாகும். ஐரோப்பிய நாடுகளில் மெலாக்சிகாம் போட்டபின் 5 நாள் பாலை விற்கக்கூடாது என்பது விதி. இங்கும் அப்படியே செய்வது நல்லது.

ஊசி போட்ட மாடு இறந்துவிட்டால் ஏரிக்கரையில் வீசாமல், ஆழக் குழிவெட்டி சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும். சிகிச்சைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம்.