மதுவும் பெண்களின் சிறுநீரகப் புற்றுநோயும்: ஓர் ஆய்வு தரும் பாடம்

மதுவின் கேடுகளை எடுத்துரைக்கும் மருத்துவச் செய்திகளை நாம் விரும்பி வாசிக்கிறோம். மேடைகளிலும் ஜும்ஆ உரைகளிலும் அவற்றைச் சான்றாக முன்வைக்கிறோம். அதே மருத்துவ இதழ்களில் நமக்கு உவப்பில்லாத முடிவொன்று வெளியாகும்போது என்ன செய்கிறோம்? பெரும்பாலும் மௌனம் காக்கிறோம். அல்லது சதியென்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டுமே அறிவைப் போற்றும் ஒரு சமுதாயத்திற்கு அழகல்ல.

ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்தகையதே. 59,237 பெண்களின் உணவு, பானப் பழக்கங்களைக் கேட்டுப் பதிவு செய்து, பல ஆண்டுகள் அவர்களது உடல்நலத்தைக் கவனித்து வந்தனர். அவர்களுள் 132 பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டது. நாளொன்றுக்கு 2.5 கிராமுக்கும் குறைவாக ஆல்கஹால் உட்கொண்டோரைவிட, 4.3 கிராமும் அதற்கு மேலும் உட்கொண்டோருக்கு இந்நோயின் வாய்ப்பு 38 விழுக்காடு குறைந்திருந்தது. திராட்சை மதுக் கோப்பை ஒன்றில் ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் ஆல்கஹால் உண்டு. எனவே இங்குப் பேசப்படுவது வாரத்திற்கு மூன்று கோப்பை அளவே.

இது தனித்த முடிவுமன்று. 12 ஆய்வுகளை ஒருங்கே கணக்கிட்டு 2007இல் வெளிவந்த கட்டுரையும் இதே திசையையே காட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய அறிஞர் குழு அதே ஆண்டில் மதுவை ஆராய்ந்தபோது, பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் அது காரணமென உறுதி செய்தது. சிறுநீரகப் புற்றுநோயை அது உண்டாக்குவதாகச் சான்றில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

ஆனால், "வாய்ப்புக் குறைந்திருந்தது" என்பதும் "மது தடுத்தது" என்பதும் ஒன்றல்ல. நோயுற்றபின் மதுவைக் கைவிட்டவர்களும் குடிக்காதோர் வரிசையில் சேர்ந்துவிடுவதுண்டு. அளவோடு குடிப்போரின் வருவாய், உடல் எடை, உணவுமுறை ஆகியன பிறரிலிருந்து வேறுபடக் கூடும். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கொள்ள முயல்கின்றனர். முற்றாக நீக்கிவிட இயலுவதில்லை. சிறிதளவு ஆல்கஹால் இன்சுலின் செயல்பாட்டை மேம்படுத்துவது காரணமாகலாம் என்றொரு விளக்கமும் கூறப்படுகிறது. அது இன்னும் கருதுகோளே.

அடுத்து எண்ணிக்கையைப் பார்ப்போம். 59,237 பேரில் 132 பேர் என்றால் பத்தாயிரம் பெண்களுக்குச் சுமார் 22 பேர். அரிதாக வரும் நோயொன்றில் 38 விழுக்காட்டுக் குறைவு என்பது, பத்தாயிரவருள் சிலரை மட்டுமே குறிக்கும். மறுபுறம், பிரிட்டனில் ஏறத்தாழ 12.8 இலட்சம் பெண்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வைக் காண்க. அதிலும் சிறுநீரகப் புற்றுநோய் குறைந்தே காணப்பட்டது. ஆயினும் வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், மலக்குடல், மார்பகம் ஆகியவற்றின் புற்றுநோய்கள் மிகுந்தன. வளர்ந்த நாடுகளில் அன்றாடம் பருகும் ஒவ்வொரு கூடுதல் கோப்பைக்கும், 75 வயதுக்குள் ஆயிரம் பெண்களுக்குச் சுமார் 15 புற்றுநோய்கள் அதிகரிக்கும் என்றும், அவற்றுள் 11 மார்பகப் புற்றுநோய் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. வரவு பத்தாயிரத்தில் சில. செலவு ஆயிரத்தில் பதினைந்து. பாதுகாப்பான அளவென்று மதுவில் ஏதுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்ததன் பின்னணி இதுவே.

இந்த வரவு செலவுக் கணக்கு நமக்குப் புதிதன்று. மதுவைப் பற்றி வினவியோருக்கு விடையாக இறங்கிய திருமறை வசனம் (2:219), அதில் மனிதருக்குப் பயன்களும் உண்டென்பதை மறைக்கவில்லை; அதன் பாவம் பயனைவிடப் பெரியது என்றே தீர்ப்பளித்தது. அப்பயன்களுள் வணிக இலாபத்தோடு உடல்சார்ந்த நன்மையையும் இப்னு கஸீர் தமது விரிவுரையில் எண்ணுகிறார். ஆகவே, ஏதோ ஒரு நோயில் மது சிறு நன்மை தருவதாக நாளை ஐயமற நிறுவப்பட்டாலும் இறைவாக்குக்கு அது முரணாகாது.

மேலும், மது தடைசெய்யப்பட்டதற்கு ஃபிக்ஹு அறிஞர்கள் கூறும் காரணம் போதையே. அதிகம் அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. தடையைப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தின் மீது நாம் நிறுத்துவோமானால், அடுத்த புள்ளிவிவரம் அதை அசைத்துவிடும். மருத்துவ உண்மைகள் மார்க்கச் சட்டத்தின் நலன்களை விளங்கிக்கொள்ள உதவும். அச்சட்டத்திற்கு அவை அடித்தளமல்ல. நம் இளைய தலைமுறையினர் இத்தகைய ஆய்வுகளைத் தாமே வாசிக்கும் காலமிது. கேட்டை மட்டுமே சொல்லிப் பழகிய நாவு, அவர்கள் வினா எழுப்பும் நாளில் விடையின்றி நிற்க நேரும்.

மதுவை அறியாத நம் இல்லத்துப் பெண்களுக்கும் இவ்விஷயத்தில் கவனிக்க வேண்டியது உண்டு. புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு வழிவகுப்பனவாக நன்கு அறியப்பட்டவை. பின்னிரண்டும் நம் வீடுகளுக்கு அந்நியமானவையல்ல. எண்ணெயும் இனிப்பும் மிகுந்த விருந்துகள், உடலுழைப்புக் குறைந்த வாழ்வு, ஆண்டுக்கணக்கில் அளந்து பார்க்கப்படாத இரத்த அழுத்தம் ஆகியன நம் சிந்தனைக்குரியவை. சிறுநீரில் இரத்தம் தென்பட்டால், வலியில்லை என்று வாளாவிருத்தலும், கூச்சத்தால் மறைத்தலும் ஆபத்தானவை; உடனே மருத்துவரை நாட வேண்டும். விலக்கப்பட்டதை விட்டொழித்த நாம், அனுமதிக்கப்பட்டதில் வரம்பைப் பேணுகிறோமா? உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்குரிய கணக்கும் நம்மிடமே கேட்கப்படும்.