ஒரே பெயரில் பல டிக்: மற்றவை எங்கே போகின்றன?

இணையப் படிவங்களை நிரப்புகையில் இரண்டு வகைக் கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாக இருப்பது ரேடியோ பட்டன். இதில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். சதுரமாக இருப்பது செக் பாக்ஸ். இதில் எத்தனை வேண்டுமானாலும் டிக் செய்திடலாம். இந்த இரண்டாவது வகையில்தான் தகவல்கள் தொலைந்து போக வாய்ப்பு உண்டு.

எங்கள் குமரி மாவட்டத்துத் தோவாளை பூச்சந்தையை எடுத்துக் கொள்வோம். ஓணம் சமயத்தில் இங்கிருந்து கேரளாவிற்கு நிறையப் பூக்கள் போகும். அங்கே உள்ள பூக்கடை ஒன்றிற்கு ஆர்டர் படிவம் தயாரிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மல்லிகை, பிச்சி, அரளி, செவ்வந்தி என நான்கு செக் பாக்ஸ்கள். நான்கிற்கும் "பூ" என்ற ஒரே பெயர். வாடிக்கையாளர் முதல் மூன்றையும் டிக் செய்து சப்மிட் பட்டனை அழுத்துகிறார். பிரவுசர் அனுப்பும் தகவல், எளிமையாகச் சொன்னால், இப்படி இருக்கும்:

பூ=மல்லிகை&பூ=பிச்சி&பூ=அரளி

டிக் செய்யாத செவ்வந்தி அனுப்பப்படவே இல்லை. மற்ற மூன்றும் சர்வருக்குச் சரியாகவே போய்விட்டன. ஆனால் அங்குள்ள புரோகிராம் ஒரே ஒரு மதிப்பை மட்டும் கேட்டால், ஒன்றுதான் கிடைக்கும். இணையதளம் அமைக்க உதவும் பிரேம்ஒர்க் தொகுப்புகளில் ஒன்றான ஜாங்கோவில், கெட் என்ற கட்டளை கடைசி மதிப்பான அரளியைத் தரும். பிளாஸ்க் தொகுப்பில் அதே கட்டளை முதல் மதிப்பான மல்லிகையைத் தரும். பி.எச்.பி. மொழியும் கடைசி மதிப்பையே வைத்துக் கொள்ளும். எர்ரர் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. மூன்று பூ கேட்டவருக்கு ஒன்று மட்டுமே போய்ச் சேரும்.

தீர்வு எளிது. ஜாங்கோ, பிளாஸ்க் இரண்டிலும் கெட்டிற்குப் பதிலாக கெட்லிஸ்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். முழுப் பட்டியலும் கிடைத்திடும். பி.எச்.பி. எனில், படிவத்திலேயே பெயரை பூ[] எனச் சதுர அடைப்புக் குறிகளுடன் அமைத்திடுங்கள்.

ஒரு கட்டத்தை மட்டும் டிக் செய்து சோதித்தால் இந்தப் பிழை தெரியாது. நான் எந்தப் படிவத்தையும் மூன்று முறை சோதிப்பேன்: எதையும் டிக் செய்யாமல் ஒரு முறை, ஒன்றை மட்டும் டிக் செய்து ஒரு முறை, எல்லாவற்றையும் டிக் செய்து ஒரு முறை. எதையும் டிக் செய்யாதபோது கெட்லிஸ்ட் காலிப் பட்டியலைத் தரும், பி.எச்.பி.யில் அந்தப் பெயரே வராது. அப்போது "ஒரு பூவையாவது தேர்ந்தெடுக்கவும்" என்ற செய்தி வரும்படி அமைப்பது நல்லது.

நீங்கள் படிவம் தயாரிப்பவர் அல்ல, நிரப்புபவர் மட்டுமே என்றாலும் இதை நினைவில் வையுங்கள். ஆர்டரை உறுதி செய்திடும் பக்கத்தில், டிக் செய்த அனைத்தும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள்.