மருந்தோடு மோதும் பழச்சாறு!

பழச்சாறு உடம்புக்கு நல்லது. மருந்தும் நல்லது. இரண்டும் சேர்ந்தால்?

கனடா நாட்டில் லண்டன் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே டேவிட் பெய்லி என்ற மருந்து ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தினார். இரத்தக் கொதிப்பு மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே சோதனை. மதுவின் ருசி தெரியாமல் இருக்க, அதில் "கிரேப் புரூட்" பழச்சாறு கலக்கப்பட்டது.

இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். மருந்து பல மடங்கு அதிகமாக இருந்தது!

காரணம் மது அல்ல, பழச்சாறு! இந்த உண்மை 1991-ம் ஆண்டில் வெளியாயிற்று.

எப்படி?

குடல் சுவரில் "என்சைம்" என்ற பொருள் இருக்கிறது. மருந்தில் ஒரு பகுதியை அது அழித்துவிடும். அதையும் கணக்கிட்டுத்தான் மருந்தின் அளவு குறிக்கப்படுகிறது. இந்தப் பழச்சாறு என்சைமை முடக்கிவிடுகிறது. அதனால் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் சேருகிறது.

கொழுப்பைக் குறைக்கும் "சிம்வாஸ்டாடின்", "லோவாஸ்டாடின்" மருந்துகளுக்கும் இதே கதிதான். "அடோர்வாஸ்டாடின்" மருந்தும் ஓரளவு கூடும். அளவு மீறினால் தசை வலிக்கும். சிலருக்குத் தசை சிதைந்து, சிறுநீரகமும் கெடலாம்.

காலையில் சாறு, இரவில் மாத்திரை என்றாலும் தப்ப முடியாது. சாற்றின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும்.

பம்பளிமாஸ்

பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததே கிரேப் புரூட். ஆகவே, பம்பளிமாஸ் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை.

"பிராவாஸ்டாடின்", "ரோசுவாஸ்டாடின்" மருந்துகளுக்கு இந்த வம்பு இல்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்!