பம்புசெட் பெட்டிக்கு வேறு கம்பெனி சிம் சேருமா?



செல்போனில் கூப்பிட்டு மோட்டாரைப் போடுகிற பெட்டி நம் தாமிரபரணிப் பக்கத்துக் கிணறுகளுக்கும் வந்துவிட்டது. கன்னடியன் காலிலும் கோடகன் காலிலும் தண்ணீர் குறைகிற நாளில் கிணறுதானே கைகொடுக்கிறது? ராத்திரி பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம். அதுவே பெரிய லாபம்.

ஆனால் டவர்க் கம்பெனி கைவிட்டால் என்ன செய்வீர்கள்? 2018 பிப்ரவரி கடைசியில் ஏர்செல் படுத்துக்கொண்டது நினைவிருக்கும். கையில் போன் வைத்திருந்தவர்கள் வேறு கம்பெனிக்கு ஓடினார்கள். பெட்டிக்குள் இருக்கிற சிம் தானாக ஓடாதே! நாம்தான் மாற்றியாக வேண்டும்.

"வேற சிம் வாங்கிப் போட்டாப் போச்சு" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். பெட்டிக்குள்ளே மோடம் என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. வாயும் காதும் இல்லாத செல்போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம்மை மாற்றலாம், மோடத்தின் குணத்தை மாற்ற முடியாது. நாலு இஞ்சு போருக்குள் ஆறு இஞ்சு மோட்டார் இறங்குமா?

பழைய பெட்டிகளில் பெரும்பாலும் 2ஜி மோடம். நம் நாட்டில் 2ஜி ஓடுவது 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகளில். ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றும் 2ஜி கொடுக்கின்றன. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவோ 2ஜி வைத்துக்கொள்ளவே இல்லை. ஆகவே 2ஜி பெட்டியில் ஜியோ சிம் போட்டால், பக்கத்து வயலிலேயே டவர் நின்றாலும் பலன் கிடையாது. பெட்டி கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்குக்குக் கூலி கொடுக்க வேண்டாம்.

எந்த மோடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கிய சீட்டைப் பாருங்கள், அல்லது விற்றவரைக் கேளுங்கள். மோடத்தின் மேலேயே எழுதியிருக்கும். சிம்800, சிம்900 என்றிருந்தால் 2ஜி. ஏ7672, இசி200 என்றிருந்தால் 4ஜி. பெட்டியைத் திறக்கும் முன்பு மெயினை இறக்கிப் பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது மும்முனை மின்சாரம், விளையாட்டுக் காரியமில்லை.

4ஜி பெட்டியிலும் ஒரு சங்கதி உண்டு. 4ஜியில் பேச்சும் டேட்டா வழியாகத்தான் போகிறது. அதற்கு வோல்ட்டி என்று பேர். நீங்கள் கூப்பிட்டு மோட்டாரைப் போடுகிறவரானால், ஜியோ சிம்முக்கு அந்த வோல்ட்டி வசதி மோடத்தில் இருக்க வேண்டும். செயலி வழியாகப் போடுகிறவருக்கு டேட்டா மட்டும் போதும். ஆனால் ஏபிஎன் என்கிற பேரைப் பெட்டிக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல். காலேஜ் படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பில் உள்ளேயே மோடம் இருந்தால் அங்கும் இந்த ஏபிஎன்தான் முதலில் மக்கர் பண்ணும்.

சில பெட்டிகளில் கம்பெனியே 13 இலக்க எண்ணுள்ள சிம் போட்டுத் தந்திருக்கும். அதில் நீங்களாகக் கை வைக்காமல் விற்றவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிம் வாங்குமுன் ஒரு சோதனை. பெட்டி 2ஜியானால் ஒரு பழைய 2ஜி பட்டன் போனில் அக்கம்பக்கத்தாரின் சிம்மைப் போட்டு, மோட்டார் ரூமுக்குள்ளேயே நின்று நாலைந்து தடவை பேசிப் பாருங்கள். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் போல மலையடிவாரத்தில் ஒரு வயலில் கிடைக்கிற சிக்னல் அடுத்த வயலில் கிடைக்காது. இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவைச் சுருட்டி வைத்திருந்தால் வெளியே எடுத்து உயரத்தில் கட்டுங்கள். சிம்மில் பின் நம்பர் பூட்டு இருந்தால் போனிலேயே எடுத்துவிட்டுப் போடுங்கள்; பெட்டிக்கு நம்பர் அடிக்க விரல் கிடையாது.

பழைய எண்ணையே வைத்துக்கொண்டும் கம்பெனி மாறலாம். சிம்மைக் கழற்றிப் போனில் போட்டு, போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்ப வேண்டும். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். நம் மாநிலத்துக்குள் மாற மூன்று வேலை நாள் பிடிக்கும். மாறுகிற வேளையில் பெட்டி சில மணி நேரம் ஊமையாகும். அதனால் பிசானத்தில் கதிர் வாங்குகிற சமயம் பார்த்து இந்த வேலையைத் தொடங்காதீர்கள். புது எண் வாங்கினால் அதை வீட்டார் எல்லாருடைய போனிலும் பதிந்து வையுங்கள். கிணற்றுக்குள் ஆள் இறங்குகிற நாளில், எந்தச் சிம்மாக இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டே இறங்க வேண்டும். வீட்டிலிருந்து யாராவது விவரம் தெரியாமல் கூப்பிட்டால் மோட்டார் ஓடிவிடும்.