இரவில் ஆஸ்பத்திரியின் அதிகாரம் யாரிடம்?

பகற்பொழுதில் நமது பெரிய ஆஸ்பத்திரிகளில் அதிகாரிகளுக்குக் குறைவில்லை. டீன் இருக்கிறார், நிலைய வைத்திய அதிகாரி இருக்கிறார், பேராசிரியர்கள் மாணாக்கர் புடைசூழ வார்டுகளைச் சுற்றி வருகிறார்கள். இரவு எட்டு மணியானதும் இந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. நோயாளிகள் மாத்திரம் கலைவதில்லை. இளம் டாக்டர்கள் சிலர் அங்கங்கே டியூட்டியில் இருப்பார்கள். ஆனால் அத்தனை வார்டுகளையும் விடியும்வரை ஒருசேரக் கவனிப்பவர் யாரென்று விசாரித்தால், இரவு முறைக்கு வந்திருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் என்றே பதில் வரும். பொதுஜனங்களில் அவரை அறிந்தவர் மிகச் சிலர்.

அவர் செய்யும் வேலைதான் என்ன? நர்ஸ் ஒருவர் வராவிட்டால் எந்த வார்டிலிருந்து யாரை அனுப்புவதென்று தீர்மானிக்க வேண்டும். காலிப் படுக்கை எங்கே, ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம், இரத்த வங்கிக்கு ஆள் போயாயிற்றா, பூட்டி வைத்த மருந்துகளின் கணக்குச் சரியா, இறந்தவரின் உறவினருக்கு யார் விஷயத்தைச் சொல்வது என்பன யாவும் அவரிடமே வந்து சேரும். இவற்றினும் பெரிய வேலை ஒன்றுண்டு. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண், “ஸிஸ்டர், பதினேழாம் படுக்கைக்காரருக்கு மூச்சு சரியாயில்லை. பெரிய டாக்டரைக் கூப்பிட்டால் கோபிப்பாரோ?” என்று தயங்குகிறாள். “கோபித்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், இப்பொழுதே கூப்பிடு” என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்தத் தயக்கத்தை அற்பமென்று யாரும் எண்ணலாகாது. அமெரிக்காவில் 507 ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2008-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருதயம் நின்றுபோனவர்களில், பகலிலும் மாலையிலுமானால் 100-க்குச் சுமார் 20 பேர் பிழைத்து வெளியேறினர். இரவிலோ 15 பேர்கூட இல்லை. நோயாளிகளுக்குள் இருந்த வேற்றுமைகளைக் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் மறையவில்லை. தயக்கம் ஒன்றே காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. கண்களும் கைகளும் குறைந்துபோகும் வேளை அது. ஆயினும் உள்ள கண்கள் கண்டதையாவது உடனே சொல்ல வழி இருக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் ராயல் வைத்தியர் கல்லூரி 2012-ல் இதற்கு ஒரு முறை வகுத்தது. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், உஷ்ணம், இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன், பிரக்ஞை ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுக் கூட்டுகிறார்கள். ஏழு வந்துவிட்டால் அவசரக் குழுவை அழைத்தே தீரவேண்டும். கூப்பிடலாமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நம் நாட்டிலும் சில ஆஸ்பத்திரிகள் இதைக் கைக்கொண்டிருக்கின்றன. ஆனால் புள்ளியைக் கண்டு அழைத்த நர்ஸைக் கடிந்துகொள்ளும் டாக்டர் இருக்கும் இடத்தில் அந்தக் காகிதத்தால் என்ன பிரயோஜனம்?

நைட்டிங்கேல் அம்மையை நாமெல்லோரும் விளக்கோடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். 1854-ல் ஸ்குடாரியில் அவர் இரவில் விளக்கேந்தி நடந்தது மெய்யே. அவர் 1859-ல் வெளியிட்ட செவிலியர் நூலிலோ ஓர் அத்தியாயம் முழுவதும் நிர்வாகத்தைப் பற்றியது. தாம் இல்லாத வேளையிலும் செய்யவேண்டியது தவறாமல் நடக்கும்படி ஏற்பாடு செய்வதே பொறுப்பென்பது அதன் சாரம். நாம் விளக்கை வைத்துக்கொண்டு ஏற்பாட்டை விட்டுவிட்டோம்!

1946-ல் போர் கமிட்டியார் இத்தேசத்தில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் என்று கணக்கிட்டனர். அந்தப் பஞ்சம் பெரிதும் நீங்கியிருக்கிறது. அதிகாரப் பஞ்சம் நீங்கவில்லை. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவின் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலையிலிருந்த இளம் பெண் டாக்டர் கொலையுண்டபின், காவலர்களைப் பற்றியும் காமிராக்களைப் பற்றியும் எங்கும் பேச்செழுந்தது. வேண்டியவையே. ஆனால் நள்ளிரவில் அந்தக் காவலரை இன்ன வாசலில் நில் என்று உத்தரவிடக் கண்காணிப்பாளருக்கு உரிமை உண்டா? அறுவை நிபுணரை நேரே வீட்டிலிருந்து வரவழைக்க உரிமை உண்டா? இவற்றை எழுத்து மூலமாக அவருக்கு அளிக்கப் பெரிய பணச் செலவொன்றும் இல்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் நோயாளர் நலச் சங்கங்களில் நம் ஊழியர் பலர் அங்கத்தினராயிருக்கிறார்கள். காலை பத்து மணிக்குப் போய்த் தேநீர் அருந்தித் திரும்புவது வழக்கம். அடுத்த முறை இரவு இரண்டு மணிக்குப் போகட்டும். கண்காணிப்பாளர் எழுதும் இரவு அறிக்கைப் புத்தகத்தை வாங்கி, சென்ற மாதம் அவர் கேட்டவை எவை, விடிந்தபின் அவற்றைப் படித்துக் கையெழுத்திட்டவர் யார் என்று பார்க்கட்டும்.