இல்லத்தில் ஓராண்டு

விவிலியத்தின் இணைச்சட்ட நூலிலே, நம்மில் பலர் கவனியாது கடந்து செல்லும் ஒரு சிறு சட்டம் உண்டு. புதிதாக மணமுடித்த ஒருவன் போருக்கு அனுப்பப்படலாகாது, வேறெந்தப் பொதுக்கடமையும் அவன்மீது சுமத்தப்படலாகாது, ஓராண்டு காலம் அவன் தன் இல்லத்தில் தங்கியிருந்து தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்பதே அச்சட்டம் (இ.ச. 24:5). பகைவர் சூழ வாழ்ந்த சிறியதோர் இனத்திற்கு ஒவ்வோர் இளைஞனின் தோள்வலிமையும் தேவைப்பட்டது. காவலுக்கு ஆட்கள் வேண்டும். அறுவடைக்கும் ஆட்கள் வேண்டும். எனினும், புதுமணத் தம்பதியரின் முதலாம் ஆண்டை எவரும் பறித்துவிடாதபடி இறைவன் அதற்கு வேலியிட்டார்.

இச்சட்டம் இரு உண்மைகளை நமக்கு உணர்த்துகின்றது. முதலாவதாக, இது தம்பதியருக்கு மட்டும் விதிக்கப்பட்ட சட்டமன்று. அவர்களைச் சூழ்ந்துள்ள சமூகத்திற்கு விதிக்கப்பட்ட சட்டமாகும். படைத்தலைவனும் ஊர்ப் பெரியோரும் உறவினரும் அவர்களுடைய நேரத்தை மதித்து நடக்கவேண்டும். இரண்டாவதாக, கணவன் தன் விருப்பம்போல் ஓய்ந்திருப்பதற்காக இவ்விடுமுறை வழங்கப்படவில்லை. மனைவியை மகிழ்விப்பதே அவனுக்கு அவ்வாண்டில் அளிக்கப்பட்ட பணி. அது கற்றுக்கொள்ளவேண்டிய ஒரு பணி என்பதனாலேயே ஓராண்டு முழுவதும் அதற்கென ஒதுக்கப்பட்டது.

இதனை அடுத்துவரும் வசனமும் கருத்திற்கொள்ளத்தக்கது. ஒருவனுடைய திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகாகப் பெறக்கூடாது என்று அது கட்டளையிடுகின்றது. அன்றாட மாவை அரைக்கும் கல்லைப் பறிப்பது ஒருவனின் உயிரையே பறிப்பதற்கு ஒப்பாகும். புதுத்தம்பதியரின் நேரமும் அன்றாட உணவுக்கான கல்லும் அருகருகே பேசப்படுகின்றன. இரண்டுமே ஒரு குடும்பம் உயிர்வாழ்வதற்கு இன்றியமையாதவை, இரண்டையுமே அடகுவைக்கலாகாது.

இன்றைய முதலாம் ஆண்டு

நமது நாட்டில் இன்று மணமுடிக்கும் இளையோரின் முதலாம் ஆண்டு எவ்வாறு கழிகின்றது? கணவன் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகின்றான். மனைவி மன்னாரிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருக்கின்றாள். வெள்ளி இரவு பேருந்தில் ஏறி, சனி விடியலில் வீடு வந்து சேரும் கணவன், ஞாயிறு மாலையில் மீண்டும் பயணப்பையைத் தூக்குகின்றான். இடைப்பட்ட அந்த ஒன்றரை நாளில் இரு வீட்டாரையும் பார்க்கவேண்டும். ஒரு மரணவீட்டுக்குச் சென்று துக்கம் விசாரிக்கவேண்டும். புதுத்தம்பதியரை விருந்துக்கு அழைத்த உறவினரின் மனம் கோணாது அங்கும் செல்லவேண்டும். செல்லுமிடமெல்லாம், "ஏதும் விசேஷம் உண்டோ?" என்ற கேள்விக்குப் புன்னகையோடு விடைகூற வேண்டும். இருவரும் தனித்திருந்து பேசிய நேரத்தைக் கணக்கிட்டால், அது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டாது.

வேறு சிலரது நிலை இதனினும் கடினமானது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், தொழில் தேடி வெளிநாடு சென்றோர் பலர். அவர்களுள் மணமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் உளர். ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் விடுமுறையே அவர்களுக்கு இல்லறம். திருமணச் செலவுக்கெனப் பெற்ற கடனை அடைப்பதற்காகவே அந்தத் திருமண வாழ்வைப் பிரிந்து செல்கின்றவர்களும் இருக்கின்றனர். மண்டபத்திற்கும் ஒளிப்படத்திற்கும் நகைக்கும் அள்ளிச் செலவிட்டுவிட்டு, அதற்கு ஈடாக முதலாம் ஆண்டையே அடகுவைப்பது திரிகைக்கல்லை அடகுவைப்பதற்கு ஒப்பானது அல்லவா? இதில் இளையோர்மீது மட்டும் குறைகூறுதல் முறையாகாது. ஊர் மெச்சவேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்திய செலவுகளும் அக்கடனுள் அடங்கும்.

வேலைநாட்களின் அருள்

திருமண அருட்சாதனம் பீடத்தின்முன் ஒரு நாளில் நிறைவேறுகின்றது. அதன் அருளோ சமையலறையிலும் கிணற்றடியிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் நாள்தோறும் செயற்படுகின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், இளம் தம்பதியர் தமக்கெனச் சில அன்றாட வழக்கங்களை அமைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றார் (எண் 226). காலையில் முத்தமிட்டு விடைபெறுதல், இரவில் ஒருவருக்கொருவர் ஆசி வழங்குதல், வெளியே சென்றவர் திரும்பும்வரை காத்திருந்து வரவேற்றல், வீட்டுவேலைகளைப் பகிர்ந்து செய்தல், சேர்ந்து பயணம் போதல் என்பன அவர் குறிப்பிடுபவை. அதேவேளை, வழக்கமாகிப்போன நாட்களின் சலிப்பை இடையிடையே ஒரு கொண்டாட்டத்தால் உடைக்கவேண்டும் என்றும் கூறுகின்றார். அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்புக் கோரல் ஆகிய மூன்றும் இல்லறத்தில் ஒருநாளும் விடுபடலாகாதவை என்பதும் அவர் அடிக்கடி வலியுறுத்திய பாடமாகும்.

இவை சிறியவையாகத் தோன்றலாம். ஆயினும், மனைவி அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்துச் சம்பலும் சொதியும் ஆக்கி வைக்க, கணவன் கைத்தொலைபேசியைப் பார்த்தவாறே உண்டுவிட்டு எழுந்து செல்லும் வீட்டில், நன்றி என்ற ஒரு சொல் எத்துணை பெரிதாகும்! அவ்வாறே, மாதச் சம்பளம் போதாமையால் மனம் கசந்து வீடு திரும்பும் கணவனுக்கு, கணக்குக் கேட்குமுன் ஒரு கோப்பைத் தேநீர் நீட்டப்படுமாயின் அதுவும் ஆசீராகவே அமையும். பிரிந்து வாழ நேர்ந்த தம்பதியரும் இவ்வழக்கங்களைக் கைவிடவேண்டியதில்லை. குறித்த ஒரு நேரத்தில் தொலைபேசியில் இணைந்து, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஓர் அருள்நிறை மந்திரத்தைச் சேர்ந்து சொல்லும் தம்பதியர், கடல் கடந்திருந்தாலும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றவர்களே.

மூடப்பட்ட கடை

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோரான லூயி மார்ட்டின், செலி ஆகியோர் 2015ஆம் ஆண்டு ஐப்பசி 18ஆம் திகதி உரோமையில் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். பிரான்ஸ் நாட்டின் அலென்சோன் நகரில், 1858ஆம் ஆண்டு ஆடி 13ஆம் திகதி இவர்கள் மணமுடித்தனர். லூயி கடிகாரத் தொழில் செய்தவர். செலி அந்நகரின் புகழ்பெற்ற றேந்தைப் பின்னல் தொழிலை நடத்தியவர். இருவரும் உழைப்பாளிகள், ஓய்வு நேரம் அரிதாகவே வாய்த்தது.

ஆயினும், ஞாயிற்றுக்கிழமைகளில் லூயியின் கடை மூடப்பட்டே இருந்தது. சுற்றுப்புறக் கிராமத்தவர் நகருக்கு வந்து பொருள் வாங்கும் நாள் அதுவே என்பதால், அன்று திறந்தால் நல்ல இலாபம் கிடைக்கும் என நண்பர்கள் எடுத்துரைத்தும் அவர் இணங்கவில்லை. அந்நாள் இறைவனுக்கும் குடும்பத்திற்கும் உரியது என்பதே அவரது உறுதி. பின்னர், மனைவியின் தொழில் பெருகி அவரது உடல் தளர்ந்தபோது, 1870ஆம் ஆண்டளவில் லூயி தமது கடிகாரக் கடையையே உறவினர் ஒருவருக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். மனைவியின் தொழிலுக்காகக் கணவன் தன் தொழிலைக் கைவிடுவது அக்காலத்தில் எளிதாக இருந்திருக்குமா?

ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற அவர்கள் நால்வரைச் சிறு வயதிலேயே இழந்தனர். 1877ஆம் ஆண்டு ஆவணியில், மார்புப் புற்றுநோயினால் செலி இறந்தபோது அவருக்கு வயது 45. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது 19 ஆண்டுகளே. இலாபத்திற்காகக் கடையைத் திறந்திருப்பின் அந்த ஞாயிறுகள் அவர்களுக்குக் கிடைத்திருக்கமாட்டா. நமது கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்கள் பலவற்றில், ஞாயிறன்று கடலுக்குச் செல்லாத வழக்கத்தை முன்னோர் பேணி வந்ததன் பொருளும் இதுவே. இன்று, மேலதிக வேலைக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் நாம் முதலில் விட்டுக்கொடுப்பது ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

நத்தார் எந்த வீட்டில்?

இளம் தம்பதியரின் முதலாவது பெரும் பிணக்கு, பெரும்பாலும் அவர்களது முதலாவது பெருவிழாவிலேயே தோன்றுகின்றது. நத்தார் நள்ளிரவுத் திருப்பலிக்கு எந்தப் பங்கிற்குச் செல்வது? பகலுணவு எந்த வீட்டில்? "எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை நான்" என்று மனைவியும், "அம்மா தனியே இருப்பார்" என்று கணவனும் கூறுவர். இரண்டு கூற்றுகளும் உண்மையானவை என்பதனாலேயே இப்பிணக்கு வேதனைமிக்கதாகின்றது.

தோபித்து நூலும் இவ்வேதனையை அறிந்திருக்கின்றது. தோபியா சாராவை மணந்தபோது, பெண்ணின் தந்தையாகிய இரகுவேல் பதினான்கு நாட்கள் திருமண விருந்து நடத்தி, மருமகனைத் தம்மோடு தங்குமாறு வேண்டினார். அதேவேளை, தொலைவிலே நினிவேயில், பார்வையிழந்த தோபித்து மகன் திரும்பும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். தாய் அன்னாவோ மகன் சென்ற பாதையை நாள்தோறும் பார்த்து அழுதுகொண்டிருந்தார். பதினான்கு நாட்கள் நிறைவுற்றதும், இன்னும் தங்குமாறு வேண்டிய மாமனாரிடம் தோபியா பணிவோடு விடைகேட்டார். இரகுவேல் மகளை மனமுவந்து அனுப்பினார். சொத்தில் பாதியையும் கொடுத்தார். கணவனின் பெற்றோரைத் தன் பெற்றோராக மதிக்கும்படி மகளுக்கு அறிவுரை கூறினார். மறுபுறத்தில், பார்வை பெற்ற தோபித்து நகர வாயிலுக்கே சென்று சாராவை மகளென அழைத்து வாழ்த்தி வரவேற்றார்.

இங்கே இரு வீட்டாருமே தத்தம் ஏக்கத்தை வென்றனர். ஒரு தந்தை பிடித்து வைத்திருந்த கையைத் தளர்த்தினார். மற்றத் தந்தை வாயில்வரை சென்று கைநீட்டினார். பிள்ளைகள் எவரையும் புண்படுத்தாது முடிவெடுப்பதற்கு அவர்கள் வழிவிட்டனர். நமது இல்லங்களிலும், "இவ்வாண்டு அங்கே போய் வாருங்கள், அடுத்த ஆண்டு இங்கே வாருங்கள்" என்று மாமியின் வாயிலிருந்தே முதலில் வருமாயின், நத்தார் சமாதானத்தின் விழாவாகவே அமையும். தம்பதியரும், பெற்றோரிடம் அறிவிக்குமுன் தாம் இருவரும் கலந்துபேசி ஒரே முடிவாகச் சொல்லவேண்டும். முடிவுக்கான பழியைத் துணைவர்மீது சுமத்தித் தன் பெற்றோரிடம் நல்லபெயர் பெறுவது அன்பாகாது.

விடுமுறையும் யாத்திரையும்

விடுமுறை என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, ஏப்ரல் மாதத்து நுவரெலியாவும் அங்கே எடுக்கும் ஒளிப்படங்களுமே. குளிர்காற்றிலும் மலையழகிலும் தவறேதுமில்லை. அவையும் இறைவனின் படைப்பே. ஆயினும், பிறர் பார்ப்பதற்காகக் கடன்பட்டுச் செல்லும் பயணம் இளைப்பாற்றி தராது. நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தின் ஆண்டுப் பயணத்தைப் புனித லூக்கா நமக்குக் காட்டுகின்றார். பாஸ்கா விழாவுக்கென அவர்கள் ஆண்டுதோறும் எருசலேமுக்குச் சென்றனர் (லூக். 2:41). உறவினரோடும் அயலவரோடும் நடந்து, உணவைப் பகிர்ந்து, இறைவனின் இல்லத்தை அடைந்து திரும்பிய அப்பயணமே அந்தத் தச்சுத் தொழிலாளியின் குடும்பத்திற்கு வாய்த்த விடுமுறை.

நமது மக்களுக்கு மருதமடு அவ்வாறே அமைந்தது. ஆடி 2ஆம் திகதி, ஆவணி 15ஆம் திகதி ஆகிய திருவிழாக்களை முன்னிட்டு மரநிழலிலும் கூடாரங்களிலும் தங்கி, மூன்று கல் வைத்துச் சமைத்து, மாலையில் அன்னையின் முன்றலில் செபமாலை சொல்லும் குடும்பங்களை நாம் கண்டு வருகின்றோம். கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலமும் இத்தகையதே. அங்கே கணவன் தண்ணீர் சுமக்கிறான். மனைவி விறகு மூட்டுகிறாள். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து சோறு உண்கின்றனர். வீட்டில் பேசமுடியாது போன ஒரு கவலையை, பிள்ளை வரம் பற்றிய ஏக்கமாயினும் சரி, கடனாயினும் சரி, அன்னையின் முன்பாக ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல அங்கே இடமுண்டு.

அன்புக்குரிய இளம் தம்பதியரே, ஓராண்டு விடுமுறை தரும் சட்டம் இன்று எந்த அலுவலகத்திலும் இல்லை. எனினும், மாதந்தோறும் ஒரு போயா விடுமுறை வருகின்றது. அதில் ஒரு பாதிநாளையேனும் உங்கள் இருவருக்கென ஒதுக்குங்கள். கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, கடற்கரையிலோ குளக்கட்டிலோ நடந்து பேசுங்கள். ஞாயிறு திருப்பலியில் அருகருகே நில்லுங்கள். இரவில் உறங்குமுன் ஒருவர் நெற்றியில் ஒருவர் சிலுவை அடையாளம் வரையுங்கள்.

பெற்றோரே, உறவினரே, பங்குச் சபையினரே! அச்சட்டம் நமக்கும் விதிக்கப்பட்டது. புதுத்தம்பதியரை எல்லா விருந்துக்கும் எல்லாக் கூட்டத்துக்கும் அழைக்காதிருப்போம். அவர்கள் ஒரு நாள் வரவில்லையெனின் அதனைக் குறையாகக் கொள்ளாதிருப்போம். "ஏதும் விசேஷமோ?" என்ற கேள்வியை நாவில் அடக்கி, அதனைச் செபமாக மாற்றுவோம். போர்க்காலத்திலும் இளம் கணவனை வீட்டில் இருக்கச் சொன்ன இறைவன், இன்று உழைப்பின் நெருக்கடியில் தவிக்கும் நமது பிள்ளைகளின் இல்லங்களுக்கு அவ்விளைப்பாற்றியை அருள்வாராக. கானாவூர் மணவீட்டில் குறையை முதலில் கண்டு மகனிடம் எடுத்துரைத்த அன்னை, அவர்களுடைய அன்பின் சாடிகள் வற்றாதிருக்கப் பரிந்து பேசுவாராக.